மலக்குடலுக்குப் பின்னால் ஒரு பிறவிக் கட்டி: காத்திருப்பதா, அகற்றுவதா?

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில், மலக்குடலுக்கும், முதுகெலும்பின் அடியில் உள்ள சேக்ரம் எலும்புக்கும் இடையே ஒரு நீர்க்கட்டி இருப்பதாக அறிக்கை வருகிறது. அறிக்கைக்கு உரியவர் பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண். அவருக்கு வலி இருக்காது. இருந்தாலும் நெடுநேரம் உட்காரும்போது கீழே ஓர் அழுத்தம், மலம் கழித்த பிறகும் முழுதாகப் போகாதது போன்ற உணர்வு, அவ்வளவுதான். பிறவியிலேயே இருந்த கட்டி என்று மருத்துவர் சொல்கிறார். இத்தனை ஆண்டுகள் சும்மா கிடந்தது இனி என்ன செய்துவிடும் என்று வீட்டில் ஒருவர் கேட்கிறார். உள்ளே புற்றுநோய் இருந்தால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்கிறார். இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் நடுவில் நின்று முடிவெடுக்க வேண்டியவருக்காகவே இதை எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சையைத் தாங்கும் உடல்நலம் உள்ள பெரியவர் இந்தக் கட்டியை முழுதாக அகற்றிக்கொள்வதே நல்லது. அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. இந்தக் கட்டியைத் தொடும் முதல் ஊசியும் முதல் கீறலும் எந்த வழியாகச் செல்கின்றன என்பதைப் பொறுத்தே பின்னால் வரும் எல்லாம் அமைகிறது. அகற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கச் சில மாதங்கள் எடுத்துக்கொள்ளலாம். தவறான இடத்தில் ஊசி போட்டுவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது.

கருவின் தொடக்க வாரங்களில் குடல், பின்னாளில் ஆசனவாய் அமையப்போகும் இடத்தையும் தாண்டி வால் பகுதிக்குள் நீண்டிருக்கும். எட்டாவது வாரத்துக்குள் அந்த வால்குடல் கரைந்துவிட வேண்டும். முழுதாகக் கரையாமல் தங்கிய மிச்சம் சளி போன்ற நீரைச் சுரந்து மெல்லப் பெருகுவதைத்தான் டெயில்கட் சிஸ்ட் என்கிறார்கள். அந்த இடத்தில் வரும் பிறவிக் கட்டிகள் இன்னும் உண்டு: தோல் திசுவாலான டெர்மாய்டு, எபிடெர்மாய்டு, குடல் இரட்டிப்புக் கட்டி, பல வகைத் திசுக்கள் கலந்த டெரட்டோமா. எல்லாமே அரியவை. இந்தப் பகுதியின் எல்லா வகைக் கட்டிகளையும் சேர்த்துப் பார்த்தாலும், 40,000 மருத்துவமனைச் சேர்க்கைகளுக்கு ஒன்று என்பதுதான் அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1985இல் வெளியிட்ட கணக்கு. நாற்பது ஆண்டு அனுபவமுள்ள அறுவை சிகிச்சை நிபுணர்கூட இரண்டு மூன்றை மட்டுமே பார்த்திருக்கலாம் என்பதை நோயாளி தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

டெயில்கட் சிஸ்ட்டின் உள்சுவர் ஒரே வகைத் தோலால் ஆனதல்ல. குடலில் இருப்பது போன்ற சுரப்பித் திசு, சிறுநீர்ப்பையில் இருப்பது போன்ற திசு, ஆசனவாய்த் தோல் போன்ற தட்டைச் செல்கள் எல்லாம் ஒரே கட்டிக்குள் அடுத்தடுத்து இருக்கும். அதனால்தான் இதில் முளைக்கும் புற்றும் ஒரே வகையாக இருப்பதில்லை. சுரப்பித் திசுவிலிருந்து அடினோகார்சினோமா வரலாம். ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து நியூரோஎண்டோகிரைன் கட்டி வரலாம். முன்பு கார்சினாய்டு என்று அழைக்கப்பட்டது இதுதான். மற்றவை மிக அரிது.

காத்திருப்பதும் அகற்றுவதும்

காத்திருக்கலாம் என்பவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெரும்பாலான கட்டிகளில் புற்று இல்லை. அவை மெதுவாகத்தான் வளர்கின்றன. ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொந்தரவே இல்லை. அறுவை சிகிச்சை நடக்கும் இடமோ குறுகலானது: முன்னால் மலக்குடல், பின்னால் எலும்பு, அதன்மேல் எளிதில் இரத்தம் கசியும் சிரைகள், பக்கவாட்டில் சிறுநீரையும் மலத்தையும் கட்டுப்படுத்தும் நரம்புகள். தொந்தரவு தராத ஒன்றை எடுக்கப்போய்த் தொந்தரவை வாங்கிக்கொள்ளக் கூடாது என்ற அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது.

மறுபக்கம் இருக்கும் எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1988இல் அமெரிக்க இராணுவ நோய்க்குறியியல் நிறுவனத்தின் சேகரிப்பிலிருந்து ஹெர்ம்ஸ்டாட், ஹெல்விக் ஆகிய இருவரும் 53 டெயில்கட் சிஸ்ட்டுகளை ஆராய்ந்தபோது ஒன்றில்தான் புற்று இருந்தது. 2010இல் மேயோ கிளினிக் வெளியிட்ட 31 நோயாளிகளின் தொகுப்பில் நான்கு பேருக்கு இருந்தது: மூவருக்கு அடினோகார்சினோமா, ஒருவருக்குக் கார்சினாய்டு. அதாவது 13 சதவீதம். உலகெங்கும் தனித்தனியாக வெளியான நோயாளிக் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு இதைவிடப் பெரிய விகிதங்கள் கிடைத்திருக்கின்றன.

எதை நம்புவது? கடைசி வகை எண்ணை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். சாதாரணக் கட்டியை அகற்றிய மருத்துவர் அதைப் பற்றி எழுதுவதில்லை. புற்று இருந்தால் எழுதுகிறார். எனவே அச்சில் வந்தவற்றை எண்ணினால் ஆபத்து ஊதித் தெரியும். மேயோ போன்ற இடத்துக்கும் சிக்கலான நோயாளிகளையே அதிகம் அனுப்புவார்கள் என்பதால் 13 சதவீதமும் சற்று உயர்ந்திருக்கக்கூடும். ஆனால் இந்தக் கழிவையெல்லாம் போட்ட பிறகும் கையில் மிஞ்சுவது ஒதுக்கிவிடக்கூடிய ஆபத்து அல்ல. ஐம்பதில் ஒன்றுக்கும் எட்டில் ஒன்றுக்கும் இடையில் எங்கோ உண்மை இருக்கிறது என்று கொண்டாலும், முன்னால் பல பத்தாண்டு வாழ்க்கை இருக்கும் ஒருவருக்கு அது பெரிய எண்தான்.

காத்திருப்பதன் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. காத்திருப்பது என்றால் கண்காணிப்பது. கண்காணிக்கும் கருவி, மாற்றத்தை உரிய நேரத்தில் காட்ட வேண்டும். எம்.ஆர்.ஐ. இந்தக் கட்டிக்கு மிகச் சிறந்த படம்தான். பல அறைகள் கொண்ட தேன்கூடு போன்ற அமைப்பையும் எலும்புடனும் நரம்புடனும் உள்ள நெருக்கத்தையும் தெளிவாகக் காட்டும். சுவர் ஒழுங்கின்றித் தடித்திருந்தால், உள்ளே முடிச்சு போல ஏதாவது நீட்டிக்கொண்டு, படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தை உறிஞ்சினால், அதைப் பார்த்துச் சந்தேகப்படலாம். ஆனால் படத்தில் சாதுவாகத் தெரிந்த கட்டியின் சுவரில், அகற்றிய பிறகு நுண்ணோக்கியின் கீழ்ச் சிறிய நியூரோஎண்டோகிரைன் கட்டி தென்பட்டதுண்டு. இரத்தத்தில் சி.இ.ஏ. என்ற புற்றுக் குறிப்பானின் அளவு உயர்ந்திருந்தால் அது எச்சரிக்கை. இயல்பாக இருந்தால் அது உத்தரவாதம் ஆகாது.

இன்னொன்று தொற்று. இந்தக் கட்டிகள் சீழ் பிடிக்கும். சீழ் பிடித்தால் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் எளிதாகப் பிரித்தெடுக்கக்கூடியதாக இருந்தது, பிறகு மலக்குடல் சுவரிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டியதாகிவிடும். சிறிதாகவும் சுத்தமாகவும் இருக்கும்போது செய்யும் அறுவை சிகிச்சையே பாதுகாப்பானது. மேயோவின் அந்த 31 பேரில் எட்டுப் பேருக்கு அறுவைக்குப் பின் சிக்கல்கள் வந்தன. முப்பது நாளுக்குள் யாரும் இறக்கவில்லை. புற்று இல்லாதவர்களில் ஒருவருக்கே கட்டி மீண்டும் வந்தது. நான்கில் ஒருவருக்கு ஏதோ ஒரு சிக்கல் என்பது சிறிய விலையல்ல. அதை மறைத்துவிட்டு அகற்றுங்கள் என்று சொல்வது நேர்மையாகாது. சொல்லிவிட்டும் அகற்றுவதையே பரிந்துரைக்கிறேன்.

யாருக்குக் காத்திருப்பது சரி? கடுமையான இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள். மிக முதியவர்களில் சிறிய, மெல்லிய சுவர் கொண்ட, தொந்தரவற்ற கட்டி உடையவர்கள். இவர்களுக்கு ஆறு மாதத்தில் ஒரு எம்.ஆர்.ஐ., மாற்றம் இல்லாவிட்டால் பிறகு ஆண்டுக்கொன்று என்று வைத்துக்கொள்ளலாம். வளர்ச்சி, புதிய வலி, சுவரில் தடிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் முடிவை மறுபடி எடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கர்ப்பிணியும் இந்த வரிசையில் வருகிறார். சந்தேகத்துக்குரிய அடையாளம் இல்லாவிட்டால் பிரசவம் முடியும் வரை பொறுக்கலாம். கட்டி பெரிதாகத் தாழ்வாக இருந்தால் குழந்தை வரும் பாதையை அடைக்கக்கூடும் என்பதால் மகப்பேறு மருத்துவரும் அந்தப் படத்தைப் பார்த்தாக வேண்டும். குழந்தை பெறத் திட்டமிடும் பெண் முன்கூட்டியே அகற்றிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பச்சிளங்குழந்தைகளின் கணக்கு வேறு. அவர்களுக்கு அந்த இடத்தில் வருவது பெரும்பாலும் டெரட்டோமா. பிறந்த முதல் இரண்டு மாதங்களுக்குப் பிறகு அதில் புற்று இருக்கும் வாய்ப்பு வேகமாக ஏறுவதால் அங்கே காத்திருத்தல் என்ற பேச்சே இல்லை.

ஊசி போட்டுப் பார்ப்பதா?

புற்றா இல்லையா என்று ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமே என்று தோன்றும். இந்த ஆசை இயல்பானது, ஆபத்தானதும்கூட.

மலக்குடல் வழியாகவோ பிறப்புறுப்பு வழியாகவோ ஊசி செலுத்தக் கூடாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மலக்குடல் வழியாகச் சென்றால் கிருமிகள் சுத்தமான கட்டிக்குள் போகும். உள்ளே புற்று இருந்தால் ஊசி வந்த பாதை நெடுக அது விதைக்கப்படலாம். பிறகு அந்தப் பாதையையும் சேர்த்து அகற்ற வேண்டும். பாதை மலக்குடல் சுவரில் இருந்தால் மலக்குடலையும் இழக்க நேரலாம். கட்டி உண்மையில் தண்டுவட உறையின் பிதுக்கமாக இருந்தாலோ, ஊசி மூளைக்காய்ச்சலில் கொண்டுபோய் விடும். சிறு வயதிலிருந்தே தீராத மலச்சிக்கல், பிறவியில் ஆசனவாய்க் குறைபாடு, எக்ஸ்ரேயில் அரிவாள் போல வளைந்த சேக்ரம், குடும்பத்தில் வேறொருவருக்கும் இதே போன்ற குறை என்று இருந்தால், 1981இல் குய்டோ கர்ராரினோ விவரித்த நோய்க்கூட்டத்தை நினைக்க வேண்டும். மரபாக வரும் அந்தக் கூட்டத்தில் பிதுக்கத்தைச் சந்திக்கும் வாய்ப்பு அதிகம். எம்.ஆர்.ஐ. பார்க்காமல் எந்த ஊசியும் வேண்டாம் என்பதன் காரணம் இதுதான்.

ஆனால் பயாப்ஸியே, அதாவது திசுவை எடுத்துச் சோதிப்பதே, கூடாது என்று சொல்லிவிடவும் முடியாது. நீர் நிறைந்த, மெல்லிய சுவர் கொண்ட கட்டிக்கு அது தேவையில்லை. எப்படியும் முழுதாக எடுக்கப்போகிறோம். சில துளி நீரில் புற்றுச் செல் இல்லை என்றால் அது எதையும் நிரூபிக்காது. திடமான பகுதி இருந்து, முடிவு சிகிச்சையின் வரிசையை மாற்றும் என்றால் மட்டும் பயாப்ஸிக்குப் பொருள் உண்டு. உதாரணமாக, முதலில் கதிர்வீச்சு கொடுப்பதா என்ற கேள்வி இருக்கும்போது அது வேண்டியிருக்கும். அப்போதும் பின்புறத் தோல் வழியாக, சேக்ரத்தின் ஓரமாக, பிறகு அறுவை சிகிச்சையில் சேர்த்து அகற்றப்படக்கூடிய பாதையில், ஸ்கேன் வழிகாட்டுதலோடு, அறுவை செய்யப்போகும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

ஊசியைவிடப் பரவலான இன்னொரு தவறான தொடக்கமும் உண்டு. சீழ் பிடித்த கட்டி ஆசனவாய்க்குப் பின்னால் வீங்கும், வடியும், ஆறும், மறுபடி வீங்கும். பார்ப்பவர் பவுத்திரம் என்று நினைப்பார். கீறி வடிப்பார்கள், பாதையைத் திறப்பார்கள், மறுபடியும் வரும். இப்படிப் பலமுறை அறுவை செய்துகொண்ட பிறகே உண்மை தெரிந்தவர்கள் மருத்துவ இலக்கியம் நெடுகிலும் இருக்கிறார்கள். இரண்டாவது முறையாகத் திரும்பிய பவுத்திரத்துக்கு, குறிப்பாக ஆசனவாய்க்குள் அதன் உள்வாய் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாத பவுத்திரத்துக்கு, மூன்றாவது கத்திக்கு முன் ஒரு எம்.ஆர்.ஐ. கேளுங்கள். விரல் பரிசோதனையையும் கூச்சத்தால் தவிர்க்காதீர்கள். அந்த 31 பேரில் 28 பேருக்குக் கட்டி விரலுக்கே தட்டுப்பட்டது.

காய்ச்சலோடு கடுமையான சீழ் சேர்ந்திருக்கும்போது அதை வடித்தே ஆக வேண்டும். அதையும் பின்புறத் தோல் வழியாகச் செய்வதே நல்லது. வடித்ததோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது. வீக்கம் அடங்கிய பின் கட்டியை அகற்ற நாள் குறிக்க வேண்டும்.

பின்னாலிருந்தா, வயிற்றின் வழியாகவா?

அகற்றுவது என்று முடிவானால் அடுத்த கேள்வி வழி. கட்டியின் மேல்விளிம்பு எங்கே இருக்கிறது என்பதே இதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. மூன்றாவது சேக்ரல் எலும்பு மட்டத்துக்குக் கீழேயே அடங்கியிருந்தால் பின்னாலிருந்து போகலாம். நோயாளியைக் கவிழ்த்துப் படுக்கவைத்து, வால் எலும்புக்கு அருகில் கீறி உள்ளே செல்லும் இந்தப் பாதை, ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் பால் கிராஸ்கே 1885இல் மலக்குடல் புற்றுக்காக வகுத்ததிலிருந்து வந்தது. வயிற்றைத் தொடாமலே கட்டியை அடையலாம். மலக்குடலுக்குள் விரல் வைத்துக் கட்டியைப் பின்னால் தள்ளிப் பிரிக்கவும் முடியும். குறை என்னவென்றால் காயம் ஆசனவாய்க்கு அருகில் இருப்பதால் தொற்று வரும், ஆறத் தாமதமாகும். மேல்பகுதியும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

மேல்நோக்கி எழுந்த கட்டிக்கு வயிற்றின் வழியே செல்வது நல்லது. இன்று இதைப் பெரும்பாலும் சிறு துளைகள் வழியே கேமரா செலுத்தும் லாப்ராஸ்கோப்பியிலோ ரோபோட்டிலோ செய்கிறார்கள். மலக்குடல் புற்றுக்கு அறுவை செய்பவர்களுக்கு நன்கு பழகிய அடுக்கு இது. இரத்த நாளங்களும் நரம்புகளும் பெரிதாகத் தெரியும். நோயாளி விரைவில் வீடு திரும்புவார். ஆனால் இடுப்புத் தள தசைக்குக் கீழே நுழைந்திருக்கும் கட்டியின் அடிவால் மேலிருந்து எட்டாது. எட்டாததை இழுத்தால் கிழியும். கிழிந்தால் உள்ளிருப்பது சிந்தும். இரண்டு பக்கமும் பரவிய பெரிய கட்டிக்கு இரண்டு வழியையும் சேர்ப்பதே சரி. ஒரே வழியில் முடித்துவிட வேண்டும் என்ற பிடிவாதத்தில் கட்டி உடைவதைவிட இரண்டு தழும்பு மேல்.

ஆசனவாய் வழியாகவே, மலக்குடல் சுவரைத் திறந்து எடுக்கும் முறையும் உண்டு. மிகச் சிறிய, ஐயத்துக்கு இடமற்ற கட்டிகளில் சிலர் செய்கிறார்கள். வெளியே தழும்பு இருக்காது என்பது கவர்ச்சிதான். ஆனால் சுத்தமான இடத்தைக் கிருமி நிறைந்த வழியாகத் திறப்பது எனக்கு ஒப்பவில்லை. சிறு சந்தேகம் இருந்தாலும் வேண்டாம்.

வால் எலும்பையும் எடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். குழந்தைகளின் டெரட்டோமாவில் கட்டாயம் எடுக்க வேண்டும். விட்டால் மீண்டும் வரும் என்பது 1950களிலிருந்தே தெரிந்தது. டெயில்கட் சிஸ்ட்டில், கட்டி வால் எலும்போடு ஒட்டியிருந்தாலோ புற்று சந்தேகம் இருந்தாலோ மட்டும் எடுத்தால் போதும்.

நரம்பைப் பற்றிய பயத்துக்கும் பதில் உண்டு. இரண்டு பக்கத்து இரண்டாம் சேக்ரல் நரம்புகளும் ஒரு பக்கத்து மூன்றாம் நரம்பும் காப்பாற்றப்பட்டால், சிறுநீர், மலக் கட்டுப்பாடு பெரும்பாலானவர்களுக்கு நிலைக்கும். சாதாரணக் கட்டியை அகற்றும்போது இந்த எல்லையை நெருங்கவே வேண்டியிருக்காது.

உள்ளே புற்று இருந்தால்

முன்கூட்டியே பலமான சந்தேகம் இருந்தால், கட்டியை மட்டும் பிரித்தெடுக்கும் அறுவை போதாது. ஒட்டியிருக்கும் எலும்பு, தேவைப்பட்டால் மலக்குடலின் பகுதி எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுக்க வேண்டும். தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ வயிற்றில் மலத்துளை வைக்க நேரலாம் என்பதையும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

சாதாரணக் கட்டி என்று எடுத்த பிறகு நுண்ணோக்கியில் புற்று தெரிவதுதான் அதிகம் குழப்பும் நிலை. அப்போது கேட்க வேண்டியவை: கட்டி உடையாமல் முழுதாக வந்ததா? வெட்டு விளிம்பில் புற்று இருக்கிறதா? எந்த வகை?

நியூரோஎண்டோகிரைன் வகையாக இருந்து, செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைக் காட்டும் கி-67 அளவு குறைந்து, விளிம்பும் சுத்தமாக இருந்தால், மேல்சிகிச்சை இல்லாமல் தொடர் கண்காணிப்பே பெரும்பாலும் போதும். இந்த வகைக் கட்டியைத் தேடிக் காட்டும் காலியம் டோட்டாடேட் பெட் ஸ்கேன், வேறு எங்கும் பரவியிருக்கிறதா என்று காட்டும். கல்லீரலுக்குப் போயிருந்தாலும் ஆக்ட்ரியோடைடு, லான்ரியோடைடு ஊசிகள், கதிரியக்க மருந்தான லுட்டீசியம் சிகிச்சை என்று ஆண்டுக்கணக்கில் கட்டுப்படுத்த வழிகள் இருக்கின்றன. அடினோகார்சினோமா இதைவிடக் கடுமையானது. இதற்கென்று தனிப் பெரிய சிகிச்சை ஆய்வுகள் நடத்தும் அளவுக்கு நோயாளிகள் எங்கும் இல்லை. எனவே மலக்குடல் புற்றுக்கான அனுபவத்தைக் கடன் வாங்கியே கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிவாகின்றன. கட்டி முழுதாக வந்து விளிம்பு சுத்தமாக இருந்தால் கண்காணிப்பு மட்டும் போதுமா என்பதில் நல்ல மருத்துவர்களே வேறுபடுவார்கள். உடைந்தோ துண்டு துண்டாகவோ வந்திருந்தால் மறு அறுவையையும் கதிர்வீச்சையும் பற்றித் தீவிரமாகப் பேச வேண்டும். பெரிய புற்றுநோய் மையத்தின் கூட்டு மருத்துவக் குழுவிடம் போக வேண்டிய நேரம் இது.

அப்படிப் போகும்போது அறிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அகற்றிய திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாராஃபின் பிளாக்குகளையும் ஸ்லைடுகளையும், அறுவைக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள சி.டி.யையும், கட்டி உடைந்ததா என்று குறிப்பிட்டிருக்கும் அறுவை சிகிச்சைக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். அரிய கட்டியை இரண்டாவது நோய்க்குறியியல் நிபுணர் ஒருவர் பார்க்கும்போது வகையே மாறக்கூடும். வகை மாறினால் சிகிச்சையும் மாறும். புற்று இல்லை என்று முடிவு வந்தவர்களும், அகற்றிய இடத்தில் மிச்சம் தங்கவில்லை என்பதை உறுதிப்படுத்த ஓராண்டுக்குள் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்வது நல்லது.